ரூட்டரும் சரி, லேப்டாப்பும் சரி, ஆனால் வைஃபை மட்டும் சேரவில்லை

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, முக்கியமானதை மட்டும் எடுத்துத் தருகிறேன்:

"போன மாதம் பழைய இணைப்பை எடுத்துவிட்டு ஃபைபர் போட்டோம். புது ரூட்டர் கொடுத்தார்கள், பெட்டியில் வைஃபை 6 என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டிலுள்ள மூன்று செல்போனிலும் நன்றாக வருகிறது. பேத்தி படிக்கிற லேப்டாப்பில் மட்டும் (2015-ல் வாங்கியது, விண்டோஸ் 10) எங்கள் ரூட்டரின் பெயரே தெரிவதில்லை. அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்களெல்லாம் வரிசையாக வருகின்றன. இணைப்பு கொடுத்த கம்பெனி ஆள் வந்து, 'போன்ல வருது பாருங்க, லேப்டாப்தான் போச்சு' என்றார். லேப்டாப் கடைக்காரர், 'மத்த வீட்டு வைஃபை தெரியுதே சார், உங்க ரூட்டர்தான் சரியில்ல' என்றார். கடைசியில் 450 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி அடாப்டர் வாங்கிச் செருகினேன். அதில் பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு சரியாகப் போட்டாலும் 'இணைக்க முடியவில்லை' என்கிறது. நாலைந்து முறை முயன்றால் ஒரு முறை சேர்கிறது, அதுவும் கொஞ்ச நேரத்தில் அறுந்துவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் பார்த்தேன், 'இன்டெல் டூயல் பேண்ட் வயர்லெஸ் ஏசி 3160' என்று இருக்கிறது. புது லேப்டாப் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லையா? பிரிண்டரும் இப்போது சேருவதில்லை."

வணக்கம் ஐயா.

லேப்டாப் வாங்க வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குழப்பத்தில் நாற்பதாயிரம் ரூபாயை எடுத்து வைத்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள், அந்தக் காசு வீண் போனதைப் பார்க்கும்போது எனக்கு மனது கஷ்டமாக இருக்கும். உங்களிடம் வந்த இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, தாங்கள் பார்த்ததைத்தான் சொன்னார்கள். ஆனால் ஒருவர் ரூட்டரை மட்டும் பார்த்தார், இன்னொருவர் லேப்டாப்பை மட்டும் பார்த்தார். இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் இருக்க முடியும் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. ரூட்டருக்கும் லேப்டாப்பில் வைஃபையைப் பிடிக்கிற பகுதியான அடாப்டருக்கும் நடுவில் என்ன பேச்சு நடக்கிறது, அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று பார்த்தால் போதும், எதை மாற்றுவது என்று தெரிந்துவிடும்.

அந்தப் பேச்சு நான்கு கட்டமாக நடக்கிறது. முதலில் ரூட்டரின் அறிவிப்பு லேப்டாப்பின் காதில் விழ வேண்டும். அப்புறம் பாஸ்வேர்டை வைத்து இரண்டும் ஒரே பூட்டு முறைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ரூட்டர் லேப்டாப்புக்கு ஒரு முகவரி தர வேண்டும், அதுதான் ஐபி முகவரி. நான்காவது, சேர்ந்த இணைப்பு அறாமல் நிற்க வேண்டும். உங்கள் வீட்டில் லேப்டாப்பின் சொந்த அடாப்டர் முதல் கட்டத்திலேயே நிற்கிறது, புதிதாக வாங்கிய யூஎஸ்பி அடாப்டர் இரண்டாவதிலும் நான்காவதிலும் தடுமாறுகிறது. பார்க்க ஒரே தொல்லை மாதிரி இருக்கிறது, ஆனால் இவை மூன்று தனித்தனிக் கோளாறுகள். ஒன்றைச் சரிசெய்ததும் மற்றவையும் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அடாப்டரின் பெயரை எழுதி அனுப்பினீர்களே, பெரிய உதவி. பெரும்பாலானவர்கள் 'டெல் லேப்டாப்', 'ஹெச்பி லேப்டாப்' என்று எழுதுவார்கள், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 3160 என்ற எண்ணைப் பார்த்ததுமே பாதி விஷயம் விளங்கிவிட்டது.

ரூட்டர் சும்மா இருக்கும்போதும் வினாடிக்குச் சுமார் பத்து முறை தன்னைப் பற்றி அறிவித்துக்கொண்டே இருக்கும். என் பெயர் இது, நான் இந்தச் சேனலில் (அலைவரிசையின் ஒரு துண்டு) இருக்கிறேன், இந்தப் பூட்டு முறை வைத்திருக்கிறேன், இந்தந்த வேகங்களில் பேசுவேன் என்று ஒரு பட்டியல். வைஃபை 6 என்கிற 802.11ஏஎக்ஸ் வந்தபோது அந்தப் பட்டியலின் கடைசியில் சில புது வரிகள் சேர்ந்தன. பழைய கருவிகள் தங்களுக்குப் புரியாத வரியைத் தாண்டிவிட்டு மற்றதைப் படித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விதி. நீங்களும் வகுப்பில் அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருப்பீர்கள், அருஞ்சொல் ஒன்று வந்தால் அங்கேயே நின்றுவிடாதே, பாட்டை முழுக்கப் படி, பொருள் தானாகத் துலங்கும் என்று. ஆனால் இன்டெல்லின் 3160, 7260 போன்ற அந்தக் காலத்து அடாப்டர்களின் பழைய டிரைவர், அதாவது அடாப்டரை விண்டோஸோடு பேச வைக்கிற மென்பொருள், அப்படிச் செய்யவில்லை. புரியாத வரி ஒன்று வந்ததும் அறிவிப்பு முழுவதையும் கீழே போட்டுவிடுகிறது. அதனால்தான் வைஃபை 4, வைஃபை 5 ரூட்டர் வைத்திருக்கிற அக்கம்பக்கத்துப் பெயர்களெல்லாம் தெரிகின்றன, உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் பட்டியலிலேயே இல்லை. இன்டெல்லே இதை ஒப்புக்கொண்டு, டிரைவரைப் புதுப்பிக்கும்படி அறிவித்திருக்கிறது. ஆக, லேப்டாப்பின் உள்ளே இருக்கிற வன்பொருளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு செல்போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை அதில் சேர்த்துப் பாருங்கள். சேர்ந்து இணையம் வந்தால் லேப்டாப்பின் ஆண்டெனா, அடாப்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டே நிமிட வேலை, 'லேப்டாப்தான் போச்சு' என்ற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

சரி, டிரைவரை எப்படி இறக்குவது, அதற்கே இணையம் வேண்டுமே என்று தோன்றும். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தால் அதிலேயே இறக்கிக்கொள்ளலாம். அதுவும் சேரவில்லை என்றால் சார்ஜர் வயரை எடுத்து போனையும் லேப்டாப்பையும் இணையுங்கள். போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கிற அதே பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங் என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டால் போனின் இணையம் வயர் வழியாக லேப்டாப்புக்கு வந்துவிடும். சில வயர்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா போகாது, அப்படி இருந்தால் போனோடு வந்த வயரைப் பயன்படுத்துங்கள். ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் லேன் கேபிள் போட முடிந்தால் அது இன்னும் நல்லது.

அப்புறம் டிவைஸ் மேனேஜரில் அந்த 3160-ஐ வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் டிரைவர் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே டிரைவரின் தேதியும் பதிப்பு எண்ணும் இருக்கும். 2014, 2015 என்று தேதி இருந்தால் நான் சொல்வது உங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. அங்கேயே இருக்கிற அப்டேட் டிரைவர் பொத்தானை அமுக்கினால், 'சிறந்த டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது' என்று விண்டோஸ் சொல்லும், பலர் அதை நம்பி விட்டுவிடுகிறார்கள். தனக்குத் தெரிந்தவற்றில் சிறந்தது என்றுதான் அதற்குப் பொருள், உலகத்திலேயே புதியது என்பதல்ல. லேப்டாப் தயாரித்த கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலைப் போட்டுத் தேடுங்கள், அங்கே இருப்பதும் பழையதாக இருந்தால் இன்டெல்லின் தளத்தில் 3160-க்கான கடைசி டிரைவரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு இடத்தைத் தவிர வேறு எங்கிருந்தும் வேண்டாம். 'எல்லா டிரைவரையும் ஒரே நொடியில் புதுப்பித்துத் தருகிறோம்' என்று கூவுகிற மென்பொருள்கள் இருக்கின்றன, அவற்றைப் போட்ட கணினிகளைச் சுத்தம் செய்தே எனக்கு நிறைய நாள் போயிருக்கிறது. நிறுவி முடித்ததும் லேப்டாப்பை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள். உங்கள் வீட்டுப் பெயர் அங்கே இருக்க வேண்டும்.

இருந்துவிட்டால் யூஎஸ்பி அடாப்டரைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிடலாம். ஏனென்றால் உள்ளே இருக்கிற 3160 அதைவிட நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் பேசும், அதில் 433 எம்பிபிஎஸ் வரை இணைப்பு வேகம் கொடுக்கும். நீங்கள் வாங்கியது அந்த விலைக்குப் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்கிற 150 எம்பிபிஎஸ் ரகமாகத்தான் இருக்கும். பெட்டியில் 150 என்று இருந்தாலும் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸாக இருந்தால் 72-தான் இணைப்பு வேகம், கையில் கிடைப்பது அதில் ஏறக்குறைய பாதி. பேத்தியின் ஆன்லைன் வகுப்புக்கு அது தாராளம். ஆனால் 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டிருக்கிறோமே, ஏன் 35 காட்டுகிறது என்று கம்பெனியோடு சண்டைக்குப் போகாதீர்கள், அது அடாப்டரின் அளவு.

புது டிரைவர் போட்டும் பெயர் வரவில்லை என்றால் ரூட்டர் பக்கம் போக வேண்டும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் அதன் முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, அதைப் போனின் பிரவுசரில் அடித்து, அதே ஸ்டிக்கரில் உள்ள பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போங்கள். எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். மாற்றியது எது, முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் திண்டாடுகிற வீடுகள்தான் அதிகம்.

வயர்லெஸ் பகுதியில் 2.4-க்கும் 5-க்கும் தனித்தனிப் பக்கங்கள் இருக்கும். 2.4 பக்கத்தில் மோடு என்ற இடத்தில் 'பி/ஜி/என்/ஏஎக்ஸ்' என்று இருந்தால் அதை 'பி/ஜி/என்' என்று மாற்றுங்கள். 5-ஐத் தொட வேண்டாம், அது ஏஎக்ஸிலேயே இருக்கட்டும். இப்போது 2.4-ன் அறிவிப்பில் அந்தப் புரியாத வரிகள் இருக்காது, பழைய அடாப்டருக்குப் பெயர் தெரிந்துவிடும், போன்கள் வழக்கம்போல 5-ல் வேகமாக ஓடும். சில ரூட்டர்களில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்து, எந்தக் கருவி எதில் சேர வேண்டும் என்பதை ரூட்டரே முடிவு செய்கிற ஒரு வசதி இருக்கும். ஸ்மார்ட் கனெக்ட் என்றோ பேண்ட் ஸ்டியரிங் என்றோ போட்டிருப்பார்கள். அதை நிறுத்திவிட்டு இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வையுங்கள். பழைய கருவிகள் உள்ள வீட்டில் அந்த வசதியால் தொல்லைதான் அதிகம், என் அனுபவத்தில் அதை நிறுத்தியதற்காக வருத்தப்பட்டவர் யாரும் இல்லை.

பெயர் தெரியாமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2.4-ல் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த அடாப்டர்கள் 11-ஐத் தாண்டிப் பார்ப்பதில்லை. ரூட்டர் ஆட்டோவில் இருந்து ஒரு நாள் தானாக 13-க்குப் போய்விட்டால் அன்றைக்கு மட்டும் பெயர் மறைந்துவிடும், மறுநாள் தானாக வந்துவிடும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த லேப்டாப் உள்ள வீடுகளில் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆட்டோவை எடுத்துவிட்டு 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றை வையுங்கள், இவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள். 5-லும் இதே கதை உண்டு. 52 முதல் 144 வரையிலான சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், ரூட்டர் அங்கே பேச ஆரம்பிப்பதற்கு முன் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும், ரேடார் சத்தம் கேட்டால் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும். மலிவான அடாப்டர்கள் பல அந்தப் பக்கமே போவதில்லை. 36, 40, 44, 48 இவற்றில் ஒன்றை வைத்துவிட்டால் அந்தப் பிரச்சினை இல்லை.

இனி யூஎஸ்பி அடாப்டர். பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் சேர மறுக்கிறது. இது பூட்டு முறையில் வருகிற சிக்கல் என்றுதான் நினைக்கிறேன். 2004 முதல் டபிள்யூபிஏ2 என்ற முறை இருக்கிறது, 2018-ல் டபிள்யூபிஏ3 வந்தது. புது ரூட்டர்கள் பலவற்றில் இரண்டையும் கலந்து வைத்துத் தருகிறார்கள், பழையது வந்தால் பழைய முறையில் பேசும், புதியது வந்தால் புதிய முறையில் பேசும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் மலிவான அடாப்டர்களின் பழைய டிரைவர்கள் அந்தக் கலப்பு அறிவிப்பைப் பார்த்துக் குழம்பிவிடுகின்றன. டபிள்யூபிஏ3-ஓடு வருகிற பிஎம்எஃப் என்ற பாதுகாப்பு அவற்றுக்குத் தெரியாது, அதில் தடுக்கி விழுகின்றன. உங்களுக்கு நாலைந்து முயற்சியில் ஒன்று சேர்வதைப் பார்த்தால் எனக்கு அந்தச் சந்தேகம்தான் வலுக்கிறது, ஏனென்றால் பாஸ்வேர்டு தவறாக இருந்தால் அந்த ஒரு முறைகூடச் சேராது.

ரூட்டரில் 2.4 பக்கத்தின் செக்யூரிட்டி என்ற இடத்தில் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3' என்று இருப்பதை 'டபிள்யூபிஏ2 பெர்சனல், ஏஇஎஸ்' என்று மாற்றுங்கள். பிஎம்எஃப் என்று தனியாக ஒன்று தெரிந்தால் அதை 'ஆஃப்' அல்லது 'ஆப்ஷனல்' என்று வையுங்கள், 'ரெக்வயர்டு' என்று இருக்கக் கூடாது. மாற்றியதும் லேப்டாப்பில் பழைய பதிவை 'ஃபர்கெட்' கொடுத்து அழித்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள், இல்லையென்றால் பழைய பூட்டு முறையையே நினைவில் வைத்துக்கொண்டு மறுபடியும் முரண்டு பிடிக்கும். மொத்த வீட்டையும் டபிள்யூபிஏ2-க்கு இறக்க மனமில்லை என்றால், பல ரூட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று இரண்டாவது பெயர் ஒன்று உருவாக்கலாம், அதற்கு மட்டும் டபிள்யூபிஏ2 வைத்துப் பழைய கருவிகளை அதில் விடலாம். ஆனால் ஒன்று, பூட்டு முறையைத்தான் இப்படிப் பிரித்து வைக்க முடியும். முன்னால் சொன்ன ஏஎக்ஸ் மோடு அந்த அலைவரிசை முழுவதற்கும் பொது, கெஸ்ட் பெயர் போட்டாலும் அது மாறாது.

இந்த இடத்தில் யாராவது வந்து 'பாஸ்வேர்டையே எடுத்துவிடுங்கள், சேர்ந்துவிடும்' என்பார்கள். சேரத்தான் செய்யும், ஆனால் தெருவில் போகிறவரும் சேர்வார். ஒருபோதும் செய்யாதீர்கள். 'டபிள்யூஇபி' என்றோ 'டிகேஐபி' என்றோ பழைய முறைகளைப் பட்டியலில் பார்த்து, பழைய கருவிக்குப் பழைய பூட்டு என்று நினைத்து அவற்றையும் தேர்ந்தெடுக்காதீர்கள். அவை உடைந்துபோன பூட்டுகள். அதோடு, டிகேஐபி வைத்தால் இணைப்பு வேகம் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. எந்தத் திட்டம் போட்டாலும் 54-லேயே நிற்கிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

அடுத்தது, சேர்ந்த பிறகு அறுந்துபோவது. இதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தின் கணக்குக் கணினியில் இப்படி ஒரு யூஎஸ்பி அடாப்டர் செருகியிருந்தார்கள். காலையெல்லாம் நன்றாக ஓடும், சாயங்காலம் ஆறு மணி ஆனால் அறுந்துவிடும், தினமும். அக்கம்பக்கத்தில் எல்லோரும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து வைஃபை போடுவதால் என்று நினைத்து நான் இரண்டு முறை சேனலை மாற்றிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை சாயங்காலமே போய் உட்கார்ந்தேன். ஆறு மணிக்குக் கணக்கு எழுதுகிற அக்கா பீரோவைத் திறந்து ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்கை எடுத்து, அன்றைய கணக்கைப் பத்திரப்படுத்த அடாப்டருக்குப் பக்கத்திலேயே இருந்த நீல நிறச் சொருகியில் செருகினார். திரையின் மூலையில் நான்கு கோடு இருந்த வைஃபை அடையாளம் என் கண் முன்னால் ஒரு கோடாக இறங்கியது. டிஸ்கைப் பிடுங்கச் சொன்னேன், மறுபடி நான்கு கோடு. செருகச் சொன்னேன், ஒன்று.

அந்த நீலச் சொருகிதான் யூஎஸ்பி 3.0. அதில் டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸைச் சுற்றி இரைச்சல் எழும்புகிறது, அதே அலைவரிசையில் பேசுகிற சின்ன அடாப்டர் பக்கத்திலேயே இருந்தால் அந்த இரைச்சலில் ரூட்டரின் குரல் அதற்குக் கேட்காது. 2012-லேயே இன்டெல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. அச்சகத்துக்கு நான் செய்தது ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, அடாப்டரைக் கணினியிலிருந்து நான்கடி தள்ளி அலமாரியின் மேல் வைத்ததுதான். அதற்குப் பிறகு அங்கிருந்து அந்தப் புகார் வரவில்லை.

உங்கள் வீட்டிலும் பாருங்கள். பேத்தி பென் டிரைவோ ஹார்டு டிஸ்கோ செருகும்போது அறுகிறதா? அடாப்டர் நீலச் சொருகியில் இருக்கிறதா? இருந்தால் லேப்டாப்பின் மறுபக்கத்தில் உள்ள கறுப்புச் சொருகிக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் நீட்டிப்பு வயர். அதோடு, மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் அடாப்டரைத் தூங்க வைப்பதும் உண்டு. டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பிராப்பர்ட்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், 'இந்தக் கருவியை அணைக்கக் கணினியை அனுமதி' என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். சும்மா வைத்திருக்கும்போது மட்டும் அறுந்தால் இது, டேட்டா ஓடும்போது அறுந்தால் இரைச்சல். மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4-ல்தான் இரைச்சல் போடும், சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரூட்டரை மாட்டியிருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

மூன்றாவது கட்டம், அதாவது முகவரி கிடைக்காமல் போவது, உங்களுக்கு இல்லை. வைஃபை சேர்ந்துவிட்டது, ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்று காட்டி, ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால்தான் அது. அப்படி ஆனால் ரூட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

கம்பெனி கொடுக்கிற ரூட்டர்கள் சிலவற்றில் இந்தப் பக்கங்களெல்லாம் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் பூட்டி வைத்திருப்பார்கள். அப்போது வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து, 'வைஃபை வரவில்லை' என்று சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் ஒரு ஆளை அனுப்புவார்கள், அவர் போனில் வருவதைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். 'டூ பாயின்ட் ஃபோரில் ஏஎக்ஸ் மோடை எடுத்துவிட்டு பி/ஜி/என் வையுங்கள், செக்யூரிட்டி டபிள்யூபிஏ2 மட்டும், சேனல் 6, இரண்டு பேண்டுக்கும் தனிப்பெயர்' என்று இதை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். அவர்கள் தங்கள் இடத்திலிருந்தே மாற்றித்தர முடியும். வீட்டுக்கு ஆள் வந்தால் இந்தத் தாளையும், லேப்டாப் ஹாட்ஸ்பாட்டில் சேர்வதையும் காட்டுங்கள்.

எல்லாம் செய்தும் 3160 மசியவில்லை, புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டும் என்றால், அப்போதும் லேப்டாப் வேண்டாம். டூயல் பேண்ட் யூஎஸ்பி அடாப்டர் ஒன்று போதும். கடையில் மூன்று விஷயம் கேளுங்கள்: 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா, டபிள்யூபிஏ3 தெரியுமா, விண்டோஸ் 10-க்கு டிரைவர் தயாரித்தவரின் தளத்தில் இருக்கிறதா. மாடல் பெயரை மட்டும் வைத்து வாங்காதீர்கள், பெட்டியில் சின்ன எழுத்தில் வி1, வி2 என்று இருக்கிற பதிப்பு எண்ணையும் பாருங்கள். டிபி லிங்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்று பரவலாக விற்ற ஓர் அடாப்டரின் முதல் பதிப்பில் ஏதெராஸ் சிப் இருந்தது, அடுத்த பதிப்புகளில் ரியல்டெக் சிப் வைத்தார்கள். பெயர் அதே, உள்ளே வேறு சிப், வேறு டிரைவர். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். செருகியதும் வைஃபை வராமல் சிடி டிரைவ் மாதிரி ஒன்று வந்து நின்றால் பயப்பட வேண்டாம், டிரைவரை அதற்குள்ளேயே வைத்து அனுப்புகிறார்கள், அதை நிறுவி முடித்தால் அல்லது எஜெக்ட் செய்தால் அடாப்டராக மாறிவிடும்.

லேப்டாப்பைத் திறந்து உள்ளே இருக்கிற கார்டையே மாற்றலாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். அதுவும் நல்ல வழிதான், ஆனால் இரண்டு எச்சரிக்கை. 3160 இரண்டு வடிவத்தில் வந்தது, மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்றும் எம்.2 என்றும். உங்களுடையது எது என்று திறந்து பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். எம்.2 என்றாலும் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 வாங்கலாம், ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 வாங்கக் கூடாது, அவை புது இன்டெல் புராசசர்களோடு மட்டும் வேலை செய்கிறவை, உங்கள் லேப்டாப்பில் சொருகியில் உட்காரும், ஆனால் உயிர் வராது. சில பழைய ஹெச்பி, லெனோவோ லேப்டாப்கள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டைப் போட்டால் தொடக்கத்திலேயே நின்றுவிடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிண்டரைப் பற்றிக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். வீட்டுப் பிரிண்டர்கள் பெரும்பாலும் 2.4-ல் மட்டும்தான் பேசும், அதனால் 2.4-ஐ பி/ஜி/என், டபிள்யூபிஏ2, தனிப்பெயர் என்று மாற்றியதும் அதுவும் சேர வழி பிறந்துவிடும். ஆனால் பழைய ரூட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும்தான் அது இன்னும் தேடிக்கொண்டிருக்கும். பிரிண்டரின் நெட்வொர்க் செட்டிங்கை ரீசெட் செய்துவிட்டு, போனை 2.4 பெயரில் சேர்த்து வைத்துக்கொண்டு, பிரிண்டரின் ஆப் வழியாகப் புதிதாகச் சேருங்கள். போன் 5-ல் இருக்கும்போது செய்தால் பாதியில் நின்றுவிடும். முதலில் லேப்டாப், அப்புறம் பிரிண்டர், ஒரே நாளில் இரண்டையும் கலைக்க வேண்டாம். டிரைவர் போட்ட பிறகும் பெயர் தெரியவில்லை என்றால், டிரைவர் பகுதியில் தெரிகிற தேதியையும் ரூட்டரின் மாடல் எண்ணையும் எழுதி அனுப்புங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்க்கலாம்.